குன்னூரில் 15 பார் எஸ்பிரெஸ்ஸோ மெஷின்: காபி 10 நொடியில் ஓடிவிடுகிறது, உயரம்தான் காரணமா?

குன்னூர்_டிகாக்ஷன்

பட்ஜெட் மெஷின்தான். 15 பார் பம்ப், 1350 வாட், தெர்மோபிளாக் (ஓடும் தண்ணீரைச் சூடாக்கும் உலோகக் கட்டி), 51 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (தூள் கிண்ணத்தைத் தாங்கும் கைப்பிடி). கூடவே வந்தது இரட்டைச் சுவர் பாஸ்கெட் (தூள் போடும் கிண்ணம்). ஒற்றைச் சுவர் பாஸ்கெட் தனியாக வாங்கிப் போட்டிருக்கிறேன். தூள், கடையில் அரைத்த பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி கொட்டை ரகங்களின் கலவை. சிக்கரி கிடையாது. 14 கிராம் போட்டால் 10 நொடியில் 60 மி.லி. ஓடிவிடுகிறது, ஒரே புளிப்பு. இரட்டைச் சுவரில் நுரை வருகிறது, ருசி வரவில்லை. பட்டனை அழுத்தியதும் முதலில் புஸ்ஸென்று ஆவிதான் வருகிறது. சாயங்காலம் இன்னும் மோசம். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், அதனால் இப்படித்தான் இருக்கும் என்கிறார் விற்றவர். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை மெஷினையே மாற்ற வேண்டுமா?

தொட்டபெட்டா_நிழல்

மாத்தாதீங்க. விற்றவர் சொன்னதில் பாதி சரி, ஆனால் உங்கள் புளிப்புக்கு அது காரணமில்லை.

குன்னூர் சுமார் 1850 மீட்டர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கு அருகில் கொதிக்கும், ஊட்டியில் 92.5. ஆனால் பம்ப் ஓடும்போது தூளுக்கு மேலே பல பார் அழுத்தம் இருக்கும், அங்கே 94இல் எதுவும் கொதிக்காது. சமவெளியை விட உங்கள் ஊரில் காற்றழுத்தம் குறைவது 0.2 பார்தான். பம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

உயரம் வேலையைக் காட்டுவது அந்தப் புஸ்ஸில்தான். பம்ப் நின்றிருக்கும்போது தெர்மோபிளாக்கில் அழுத்தம் இல்லை. அதன் சூடு சமவெளியின் 100 டிகிரியை மனதில் வைத்துச் செட் செய்தது. பட்டனை அழுத்தியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் ஆவியாகச் சீறும். அந்த ஆவி தூளைக் கருக்கும், அழுத்தி வைத்த தூள் வில்லையையும் கிளறிவிடும். காலி பாஸ்கெட்டை மாட்டி, சீறல் நிற்கும்வரை 30, 40 மி.லி. விட்டுக் கொட்டுங்கள். போர்ட்டாஃபில்டரும் சூடாகிவிடும். பாஸ்கெட்டைத் துடைத்துத் தூள் போட்டு, ரெடி விளக்கு மறுபடி எரிந்த பிறகு காபியை இறக்குங்கள். அதற்குமேல் ஃப்ளஷ் செய்தால் (வெறும் தண்ணீர் விட்டுக் கொட்டினால்) பிளாக் ஆறிப்போகும்.

இனி புளிப்பு. 10 நொடியில் 60 மி.லி. என்றால் நொடிக்கு 6 மி.லி. இப்போது டேங்க் தண்ணீர் 10 டிகிரி இருக்கும் என்று வைப்போம். அதை 93க்கு ஏற்ற 6 × 83 × 4.2, அதாவது 2,000 வாட்டுக்கு மேல் வேண்டும். உங்களிடம் இருப்பது 1350. தூள் கொரகொரப்பாக இருப்பதால் தண்ணீர் வேகமாக ஓடுகிறது, வேகமாக ஓடுவதால் சூடாகாமலே ஓடுகிறது. நொடிக்கு ஒன்றரை மி.லி. என்று கட்டுப்பட்டால் 520 வாட்டே போதும். அரைப்பைச் சரி செய்தால் சூடு தானாகச் சரியாகும்.

கோத்தகிரி_வயர்மேன்

சாயங்காலம் மோசம் என்றால் முதலில் வோல்டேஜ் பாருங்க. ஹீட்டர், கீசர் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் மலை வீடுகளில் 180க்கு இறங்கும். ஹீட்டரின் வாட் வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும்: 1350 வாட் மெஷின் 180இல் 825 வாட்தான் தரும். அதிர்வு பம்பின் தள்ளும் சக்தியும் குறையும். பிளக்கில் செருகும் வோல்ட்மீட்டர் ஒன்று வாங்கி, மெஷின் சூடாகும்போதே பாருங்க. சும்மா இருக்கும்போது பார்த்தால் 220 காட்டி ஏமாற்றும்.

சப்ளையே குறைவு என்றால் 2 கேவிஏ ஸ்டெபிலைசர். மெஷின் ஓடும்போது மட்டும் குறைந்தால் சாக்கெட், வயரிங் கோளாறு. பிளக் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்க. 6 ஆம்பியர் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் வேண்டாம், 16 ஆம்பியரில் செருகுங்க. சின்ன வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவே ஓட்டாதீங்க. குளிர்காலத்தில் டேங்கில் பச்சைத் தண்ணீருக்குப் பதில் 30 டிகிரிக்கு வெதுவெதுப்பாக ஊற்றினால் பிளாக்கின் சுமையில் கால்பங்கு குறையும். கொதிநீர் ஊற்றாதீங்க, பம்ப் கெட்டுவிடும்.

பண்ணைக்காடு_மிளகுக்கொடி

தூளைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடை மெஷினில் ஃபில்டருக்கு அரைத்தது ஒற்றைச் சுவருக்கு ஆகாது. இரட்டைச் சுவர் பாஸ்கெட்டின் அடியில் ஒரே ஒரு ஊசித்துளைதான். அழுத்தத்தை உண்டாக்குவதும் நுரையைக் கிளப்புவதும் அந்தத் துளை, தூள் இல்லை. அதனால் எந்தத் தூளுக்கும் நுரை வரும். ஒற்றைச் சுவரில் தடுப்பது தூள் மட்டுமே.

வாங்கும்போது கொட்டையாக வாங்குங்கள். கீழ்ப் பழனியில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் அரபிகா கிடைக்கும். உங்கள் மாவட்டத்தில் கூடலூர், பந்தலூரில் ரோபஸ்டா. 80க்கு 20 கலந்தால் மலிவு மெஷினிலும் நுரை கெட்டியாக நிற்கும். வறுவல் நடுத்தரத்துக்குச் சற்று மேல் இருக்கட்டும். லேசான வறுவலுக்கு உங்கள் மெஷினின் சூடு போதாது, புளிக்கும். எண்ணெய் மினுங்கும் கருவறுவல் க்ரைண்டரில் அப்பிக்கொள்ளும். வறுத்த அன்றே போட்டால் உள்ளிருக்கும் வாயு பொங்கித் தாரை கோணலாக ஓடும். ஒரு வாரம் விடுங்கள். கீழிருந்து மேலே கொண்டுவரும் பை உப்புவது காற்றழுத்தத்தால், கெட்டுப்போனதால் அல்ல. மழை மாதங்களில் திறந்த டப்பா ஈரம் இழுக்கும், வாரத்துக்கு ஒன்றாக 100 கிராம் பாட்டில்களில் பிரித்துக்கொள்ளுங்கள்.

சிக்கரி கலந்த தூளை இதில் போடவே வேண்டாம். தண்ணீரில் கரைந்து கோந்தாகும், இரட்டைச் சுவரின் அந்த ஒரே துளையும் அடைபடும்.

குன்னூர்_டிகாக்ஷன்

மீட்டரில் ஏழு மணிக்கு 188 காட்டுகிறது. மெஷினை நிறுத்தினாலும் அதேதான். ஸ்டெபிலைசர் சொல்லிவிட்டேன். க்ரைண்டர் வாங்காமல் மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா?

தொட்டபெட்டா_நிழல்

ஆகாது. மிக்ஸியில் மாவும் நொய்யும் சேர்ந்தே வரும். மாவு அடைக்கும், நொய்க்கு இடையே தண்ணீர் ஓடும். எஃகு பர் (அரைக்கும் பல்சக்கரம்) உள்ள கைக் க்ரைண்டர் போதும். ஆனால் நைசு, கொரகொரப்பை மாற்றும் திருகை ஒரு கிளிக் நகர்த்தினால் பர் 25 மைக்ரானுக்கு மேல் நகரக்கூடாது. கிளிக் பெரிதானால் ஒன்றில் அடைக்கும், அடுத்ததில் ஓடும், நடுவில் இடமிருக்காது.

14 கிராம் தூள், கோப்பையில் 28 முதல் 30 கிராம், பம்ப் ஓட ஆரம்பித்ததிலிருந்து 25 முதல் 30 நொடி. தராசில் 0.1 கிராம் காட்ட வேண்டும். அளவை மாற்றாமல் அரைப்பை மட்டும் இரண்டு இரண்டு கிளிக்காக நைசாக்குங்கள். தூளை அழுத்த மெஷினோடு வந்த பிளாஸ்டிக் டேம்பர் பாஸ்கெட்டை விடச் சின்னது, ஓரத்தில் தூள் தளர்ந்து நிற்கும், 51 மி.மீ. எஃகு டேம்பர் வாங்குங்கள். தூளை அழுத்தும் முன் தக்கையில் குத்திய மெல்லிய ஊசிகளால் கட்டிகளைக் கலைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் பீறிட்டால் காரணம் கட்டி, அரைப்பு இல்லை.

15 நொடியாகியும் சொட்டு விழாவிட்டால் நிறுத்துங்கள். உடனே போர்ட்டாஃபில்டரைக் கழற்றாதீர்கள். பல மலிவு மெஷின்களில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இல்லை, சூடான சேறு முகத்தில் தெறிக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள்.

வெள்ளி_ஓக்

மாற்றுக் கருத்து ஒன்று. பால் சேர்த்துத்தான் குடிப்பீர்கள் என்றால் க்ரைண்டர் அவசியமில்லை. புதிதாக அரைத்த தூளை, ஃபில்டருக்கானதை விட ஒரு படி நைசாகக் கேட்டு வாங்கி, இரட்டைச் சுவரிலேயே 30 மி.லி.யில் நிறுத்துங்கள். உங்களுக்கு ருசி வராததற்கு 60 வரை விட்டதும் ஒரு காரணம். மிச்சக் காசு ஸ்டெபிலைசருக்கு ஆகும்.

பாலுக்கு: காய்ச்சாத பாக்கெட் பால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு 120 மி.லி. காய்ச்சி ஆறிய பாலென்றால் ஏட்டை வடிகட்டுங்கள், வாண்ட் (ஆவிக் குழாய்) முனையை அடைக்கும். முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆவியை விடுங்கள். 60, 65 டிகிரியில் நிறுத்துங்கள். கையில் பாத்திரம் சுடும் கட்டம் அது. வாண்டை உடனே துடைத்து ஒருமுறை ஆவி விடவும். ஸ்டீமுக்குப் பிறகு பிளாக் கொதித்துக்கொண்டிருக்கும், அடுத்த காபிக்கு முன் சீறல் அடங்கும்வரை ஃப்ளஷ் கட்டாயம்.

மெஷினுக்குள் படியும் உப்பை நீக்குவதற்கு மலை ஊற்றுத் தண்ணீரில் அவசரமில்லை, பொதுவாக மென்னீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 100 பிபிஎம்முக்குக் கீழே காட்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீர். லாரித் தண்ணீர், போர் தண்ணீர் என்றால் இரண்டு மாதம். வினிகர் ஊற்றாதீர்கள், ரப்பரில் வாடை தங்கிவிடும்.

கோத்தகிரி_வயர்மேன்

ஸ்டெபிலைசர் வந்ததும் மெஷின் முழுச் சூட்டில் ஓடும்போது அவுட்புட் எவ்வளவு என்று போடுங்க. 210க்குக் கீழே இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சப்ளை 140 வோல்ட் வரை இறங்கினாலும் தாங்கும் வகையைக் கேளுங்க.