நிவாரணப் பட்டியலைத் ‘தனிநபர் தகவல்’ என்று மறுக்கலாமா?

கேள்வி (திருத்துறைப்பூண்டி வட்டம்)

அனைவருக்கும் வணக்கம். அறுவடை நேரத்து மழையில் எங்கள் ஊரில் சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. நிவாரணத் தொகை வந்தபோது, நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்த சிலருக்குப் பணம் கிடைத்ததாகவும், குத்தகைக்குச் சாகுபடி செய்த பலர் விடுபட்டதாகவும் பேச்சு எழுந்தது. வெறும் பேச்சை வைத்து எவர்மீதும் பழி சொல்வது முறையல்ல என்பதால், பயனாளிகளின் பெயர், புல எண், பரப்பு, தொகை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டேன். ‘தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அரசுப் பணம் யாருக்குப் போனது என்பது எப்படி அந்தரங்கமாகும்?

மறுமொழி (தஞ்சாவூர், வழக்கறிஞர்)

ஐயா, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு முன்பு இருந்த வடிவில், பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மட்டுமே மறுக்க முடிந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற வாசகமும் இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 44(3)ஆம் பிரிவின் வழியாக இவை அனைத்தையும் நீக்கியது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது ‘தனிநபர் தகவல்’ என்ற சொல்லே மறுப்பதற்குப் போதும் என்றாகிவிட்டது. இது மிகவும் கவலைக்குரிய மாற்றம் என்றே கருதுகிறேன்.

ஆயினும் வழி அடைபடவில்லை. பாதிப்பைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 4(1)(பி). வங்கிக் கணக்கு, ஆதார், கைபேசி எண்களைப் பிரிவு 10இன்படி நீக்கிவிட்டு மீதியைத் தருமாறு கேளுங்கள். மறுப்புக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

மறுமொழி (மன்னார்குடி அருகே, குத்தகைச் சாகுபடி)

ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். இங்கே பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சில்தான் நடக்கிறது. நிவாரணப் பட்டியலில் எங்கள் பெயர் வெளியானால், நாளை 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமையைப் பதிவு செய்யக் கேட்போமோ என்று அஞ்சும் நில உரிமையாளர், அடுத்த போகத்துக்கு நிலத்தைத் தராமல் விடலாம். பெயரை மறைத்தாலும் பயனில்லை. புல எண்ணைப் பார்த்தாலே உழுதவர் யார் என்று ஊருக்குத் தெரியும். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அந்த உரிமை எங்களுக்கும் வேண்டும்.

மறுமொழி (தஞ்சாவூர், வழக்கறிஞர்)

இந்த அச்சம் நியாயமானது. என் பதிலில் இதைச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். பட்டாதாரராகத் தொகை பெற்றவர்களின் பெயர், புல எண், தொகையை முழுமையாகக் கேளுங்கள். குத்தகைதாரர்களைப் பொறுத்தவரை, வருவாய்க் கிராமவாரியாக எண்ணிக்கை, மொத்தப் பரப்பு, மொத்தத் தொகை ஆகியவை போதும். தரிசு நிலத்துக்குப் பணம் போனதா என்பதை பட்டாதாரர் பட்டியலை, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் எழுதிவைக்கும் அடங்கல் பதிவோடு ஒப்பிட்டே கண்டறியலாம். விடுபட்ட குத்தகைதாரர் ஒவ்வொருவரும் தம் விண்ணப்பத்தின் நிலையைத் தாமே தனியாகக் கேட்கட்டும். ஒருவரின் சொந்தத் தகவலை அவரிடமே அந்தரங்கம் என்று சொல்லி மறுப்பது பொருந்தாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மேல்முறையீட்டை இவ்வாறே இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன். விடுபட்டவர்களுக்கான மனுக்களையும் அவரவரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதிக் கொடுக்கிறேன்.