மறு: மறு: இன்டர்ஆபரபிலிட்டி – தமிழில் என்ன?

க.மு. எழுதியது:
வணக்கம். பார்மசி மாணவர்களுக்கான பாடநூலில் அமெரிக்க மின்மருந்துச்சீட்டு பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்டர்ஆபரபிலிட்டிக்கு, அதாவது வெவ்வேறு மென்பொருள்கள் சேர்ந்து வேலைசெய்யும் திறனுக்கு, சொல் வேண்டும். 'தகவல் பரிமாற்றம்' போதவில்லை. தகவல் போய்ச் சேர்வது பாதி வேலைதான். சேர்ந்த இடத்து மென்பொருள் அதே பொருளில் எடுத்துக்கொண்டு செயல்படவும் வேண்டும். மருத்துவர் திரையில் ஒரு மாத்திரையை நிறுத்துகிறார். அமெரிக்க மருந்தகத் துறைக்குத் தரங்கள் வகுக்கும் என்சிபிடிபி அமைப்பின் 'ஸ்கிரிப்ட்' என்ற மின்மருந்துச்சீட்டுத் தரத்தில் இதற்கென்றே 'கேன்சல்ஆர்எக்ஸ்' என்ற செய்தி உண்டு. ஏதாவது ஒரு பக்கத்து மென்பொருள் அதைக் கையாளாவிட்டால், மருந்துக்கடையில் பழைய சீட்டு உயிரோடு கிடக்கும்; ரீஃபில் போய்க்கொண்டே இருக்கும்.

ந. எழுதியது:
'இடையியங்குமை' போதுமே.

செ. எழுதியது:
> இடையியங்குமை
மை விகுதி வினைப்பகுதியில் நேராக ஒட்டாது. நடந்தமை உண்டு, நடவாமை உண்டு, 'நடமை' எங்கே? தவிர, இடையூறு, இடையீடு, இடைநிறுத்தம் எல்லாம் தடைச்சொற்கள். உங்கள் சொல் நின்று நின்று இயங்குவதைத்தான் சொல்கிறது. ஒத்து + இயங்கு, உக்குறள் மெய்விட்டோட, 'ஒத்தியங்குதிறன்'. இயங்குதிறன் வினைத்தொகை, சிக்கலே இல்லை.

ந. எழுதியது:
செ. ஐயா, 'பொறுமை' எந்தப் பகுதியில் ஒட்டியது?

செ. எழுதியது:
அது வழக்கில் நிலைத்தது. விதியாகாது.

க.மு. எழுதியது:
மையை விடுவோம், 'திறன்' சரி. ஆனால் 'ஒத்து' இடிக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இயங்கத் தேவையில்லை, பொருள் மாறக்கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் மருந்துகளுக்கான அடையாள எண்ணான என்டிசியைப் பாருங்கள். மருந்துக்கு 10 இலக்கம். சிறுகோட்டால் மூன்று பகுதியாகப் பிரித்து, இலக்கக் கணக்கில் 4-4-2, 5-3-2, 5-4-1 என மூன்று வடிவம். காப்பீட்டு பில்லுக்கு 5-4-2, மொத்தம் 11. ஓரிலக்கம் குறைகிற பகுதியின் முன்னால் சுழி சேர்க்கவேண்டும். சிறுகோடு இல்லாமல் 1234567890 என்று வந்தால்? 01234-5678-90 ஆகலாம், 12345-0678-90 ஆகலாம், 12345-6789-00 ஆகலாம். தவறான இடத்தில் சுழி விழுந்தால் பில் திரும்பும், அல்லது வேறொரு மருந்தின் பேரில் ஏறிவிடும். எண் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தது. தொலைந்தது கோடுதான்.

ப. எழுதியது:
சிறுகோடு தொலைந்து பொருள் மாறுவது நமக்குப் புதிதா? ஒற்று தொலைந்தால் கீரைக்கடை 'கீரை கடை' என்று ஏவலாகிறது. (திசைமாறுகிறேன், மன்னிக்க.) 'ஊடியங்குதிறன்' எப்படி?

செ. எழுதியது:
ஊடு என்றதும் எனக்கு ஊடல்தான் வருகிறது. இரண்டு மென்பொருள் பேசாமல் முகம் திருப்பிக்கொண்டிருப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். பொருத்தமாகவே இருக்கும்.

வே. எழுதியது:
கவுன்ட்டரில் நிற்கிற பையனுக்கு 'இன்டர்ஆபரபிலிட்டி'யே புரியும். நாளைக்கு வேலைக்குப் போனால் அந்தச் சொல்தான் காதில் விழும்.

ந. எழுதியது:
புரியாது ஐயா, பழகியிருக்கும். இரண்டும் ஒன்றில்லை.

க.மு. எழுதியது:
இன்றிரவு கோப்பை மூடியாகவேண்டும். 'இடையியங்குதிறன்' போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் வரும். வே. ஐயாவுக்கு ஆட்சேபமில்லையே?

வே. எழுதியது:
போடுங்கள்.

செ. எழுதியது:
எனக்கு உண்டு. 'இடை' இன்னும் அங்கேயே இருக்கிறது. அடுத்த பதிப்புக்கு இந்த இழையை மூடாமல் வையுங்கள்.