கருப்பு வால்நட் நாற்றுகள் மூன்றாம் ஆண்டிலும் வளரவில்லை

கேள்வி:
ஒஹாயோவில் எங்கள் வீட்டின் பின்புறப் புல்வெளியில், ஓராண்டு வயதுடைய கருப்பு வால்நட் நாற்றுகளை நட்டு இது மூன்றாம் ஆண்டு. அவை பட்டுப்போகவில்லை என்றாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. மான்கள் நுனியைக் கடித்துவிடுவதால் சில நாற்றுகள் புதராகக் கிளைத்துவிட்டன. பிடுங்கி வேறிடத்தில் நடலாமா? சற்றுத் தள்ளித் தக்காளித் தோட்டமும் இருக்கிறது.

பதில் 1:
தயவுசெய்து பிடுங்காதீர்கள். இம்மரம் முதல் ஆண்டுகளில் தன் வலுவையெல்லாம் ஆணிவேரில்தான் செலுத்தும். இப்போது தோண்டினால் அந்த வேர் அறுபடுவது ஏறக்குறைய உறுதி. உங்கள் நாற்றுகளைத் தடுப்பது பெரும்பாலும் புல்லாகவே இருக்கும். குறிப்பாக ஃபெஸ்க்யூ புல், நீரையும் தழைச்சத்தையும் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடும். ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அடிக்குப் புல்லை அடியோடு நீக்கி, தண்டைத் தொடாதவாறு மரத்தூள் மூடாக்கு இடுங்கள். புல்லை வெட்டிவிட்டால் மட்டும் போதாது, ஏனெனில் அதன் வேர்கள் அங்கேயே இருக்கும்.

பதில் 2:
புல்லைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் மான்களைத் தடுக்காவிட்டால் அந்த உழைப்பு வீண். ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் ஐந்தடி உயரமுள்ள காப்புக் குழாயோ கம்பிவலையோ பொருத்துங்கள். புதராகிப்போனவற்றை, அடுத்த குளிர்காலத்தின் இறுதியில் மொட்டு விரியுமுன், தரையிலிருந்து ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிடலாம். வேர் வலுவாக இருந்தால் நேரான புதுத் துளிர்கள் வரும், அவற்றில் சிறந்த ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். பலகை மரத்துக்காக வளர்ப்பவர்களுக்கு இது மிகவும் பயனுள்ள முறை.

பதில் 3:
வெட்டுவதற்கு முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஆற்றோர வண்டல்போல் ஆழமாகவும் நீர் வடியக்கூடியதாகவும் உள்ள மண்ணில்தான் இம்மரம் செழிக்கும். இரண்டடியிலேயே இறுகிய களிமண் தட்டினால், நல்ல இடத்தில் புதிதாக விதைப்பதே மேல். இலையுதிர்காலத்தில் மேல்தோல் நீக்கிய கொட்டைகளை இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, அணில்கள் தோண்டாதவாறு கம்பிவலையால் மூடுங்கள். மூன்று நான்கு மாதக் குளிர் பட்ட பிறகே அவை முளைக்கும்.

தக்காளித் தோட்டம் இப்போதைக்குத் தப்பிக்கும். ஆனால் மரம் வளர வளர, அதன் வேரிலிருந்து வரும் ஜுக்லோன் என்னும் பொருளால் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை வாடிப்போகக்கூடும். முதிர்ந்த மரத்துக்கு ஐம்பது அடிக்கு உட்பட்ட இடத்தில் இவற்றைத் தவிர்த்து, வெங்காயம், பீன்ஸ், சோளம் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம்.