லைமனியின் கையில் துளைகளைக் காணவில்லை, நான் கெடுத்துவிட்டேனா?

கயல்:
ஒரு பாடநூலுக்காக ஆழ்கடல் பிரிட்டில் ஸ்டார் (நட்சத்திர மீனின் உறவான, மெல்லிய நீண்ட கைகள் கொண்ட விலங்கு) ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன். பெயர்ச்சீட்டில் ஓபியோமூசா லைமனி என்றிருக்கிறது. சாராயத்தில் ஊறவைத்த ஒரே ஒரு உயிரிதான் கைவசம். நடுவட்டு 24 மி.மீ. கையின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த சேற்றை ஊசியால் நீக்கிவிட்டு மூன்று நாளாக நுண்ணோக்கியில் பார்க்கிறேன். வட்டை ஒட்டிய முதல் சில கணுக்களில் குழாய்க்கால்கள் (மெல்லிய குழல் போன்ற உறுப்புகள்) வெளிவரும் துளைகள் தெளிவாகத் தெரிகின்றன. அதைத் தாண்டினால் நுனிவரை வழவழவென்று தகடுதான். முன்பு வரைந்த ஆழமற்ற நீர் இனத்தில் கணுவுக்கு ஒரு ஜோடி இருந்தது. சுரண்டும்போது நானே அடைத்துவிட்டேனா? அப்புறம், ஒரு கை பாதியில் திடீரென்று மெலிகிறது. அதை அப்படியே வரையலாமா?

சேற்றடி:
நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. இந்த இனத்தின் அடையாளமே அதுதான். கணுவின் இரு பக்கத் தகடுகளும் தடித்து வளர்ந்து, மேலேயும் கீழேயும் நடுவில் வந்து முட்டிக்கொள்கின்றன. வெளிச்சத்தைச் சாய்த்து வைத்துப் பாருங்கள், கையின் நடுவே தையல் போட்டதுபோல ஒரு கோடு ஓடும். முதுகுப்பக்கத் தகடு சின்ன ஆப்பு மாதிரி இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். முட்களும் குட்டையாகக் கையோடு படிந்திருக்கும், அவற்றை விரித்து வரைந்துவிடாதீர்கள்.

குழாய்க்கால் குறைந்தால் எப்படி நடக்கும் என்று தோன்றலாம். பிரிட்டில் ஸ்டார்களின் குழாய்க்கால்களில் உறிஞ்சிகளே கிடையாது. கைகளைத் துடுப்புபோல வீசித்தான் நகர்கின்றன. கைக்குள் முதுகெலும்புக் கோவைபோலச் சுண்ணாம்புத் துண்டுகள் அடுக்கியிருப்பதால் அது முடிகிறது.

1873-இல் வைவில் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் இதை விவரித்து, பிரிட்டில் ஸ்டார்களை ஆராய்ந்த தியோடர் லைமனின் பெயரைச் சூட்டினார்.

ஆழி:
மெலிந்த கையை அப்படியே வரையுங்கள், தயவுசெய்து சரிசெய்ய வேண்டாம். அது ஒடிந்து மறுபடி வளர்ந்த கை. கணுக்களை இணைக்கும் நார்த்திசு சட்டென்று இளகிவிடும், கை கழன்றுவிடும். மெலிந்த இடம்தான் பழைய முறிவு.

வட்டின் அடிப்புறத்திலும் கவனம் வேண்டும். சல்லடைத் தகட்டை (குழாய்க்கால்களை இயக்கும் நீர்க்குழாய்களுக்கு வெளிவாசலான துளைத் தகடு) பலர் நட்சத்திர மீனின் நினைவில் முதுகில் போட்டுவிடுகிறார்கள். இவற்றில் அது வாய்ப்பக்கம். வாயைச் சுற்றியுள்ள ஐந்து கேடயத் தகடுகளில் ஒன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு கையும் வட்டில் சேரும் இடத்தின் இருபுறமும் பிளவுகள் இருக்கும், மொத்தம் பத்து. மூச்சு விடுவதும் முட்டை வெளியேறுவதும் அவற்றின் வழியே. மலத்துளை கிடையாது, ஐந்து தாடைகளுக்கு நடுவிலுள்ள அந்த ஒரே வாய்தான் எல்லாவற்றுக்கும்.

சேற்றடி:
பின்னணியில் பாறை போடாதீர்கள். ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துச் சேற்றின்மேல் கைகளைப் பரப்பிக் கிடக்கும் விலங்கு இது. சேற்றில் கிடைப்பதைத் தின்னும், செத்ததையும் விடாது.

கயல்:
சாய்ந்த வெளிச்சத்தில் தையல் கோடு தெரிந்துவிட்டது! ஐந்து கையிலும் பார்த்தேன், மெலிந்த பகுதியிலும் மயிரிழைபோல ஓடுகிறது. சல்லடைத் தகட்டை மேலேதான் போட்டிருந்தேன். அந்தத் தாளை எடுத்துவைத்துவிட்டு, வாய்ப்பக்கத்தைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன்.