சேலம் முதல் அக்ரஹாரத்தை நடப்பவர்களுக்கு விட்டால் வியாபாரம் படுத்துவிடுமா?

குகை நடையன்:
முதல் அக்ரஹாரம், சின்னக் கடைவீதி இரண்டிலும் காலை பத்து மணிக்கு மேல் வண்டியே விடக் கூடாது என்கிறேன். நடைபாதை இருக்கும் இடத்திலும் நடக்க வழியில்லை. கடைப் படிக்கட்டு, புடவை கட்டி நிறுத்திய பொம்மை, டிரான்ஸ்பார்மர், அப்புறம் ஒரு வரிசை பைக். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி நடைபாதையின் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கட்டி வைத்தால் எந்தப் பாட்டி ஏறுவார்? ரோட்டில்தான் நடப்பார்.

ஜவுளிக்கடைக்காரர்:
தம்பி, ஆத்தூர், ராசிபுரத்திலிருந்து கல்யாண ஜவுளிக்குக் குடும்பமே வேன் வைத்து வருகிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடப்பார்களா? பார்க்கிங் இருக்கும் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள்.

குகை நடையன்:
அண்ணா, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1962-ல் ஸ்ட்ரோகெட் தெருவில் கார்களைத் தடுத்தபோது அங்கிருந்த வியாபாரிகளும் இதைத்தான் சொன்னார்கள். இன்று அந்த ஊரின் பெரிய கடைத்தெருவே அதுதான். சரக்கு வண்டி காலையிலேயே வந்து இறக்கிவிட்டுப் போகட்டும்.

ஜவுளிக்கடைக்காரர்:
அது குளிர் தேசம். சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு இங்கே நடந்து பாருங்கள்.

அஸ்தம்பட்டி அக்கா:
வெயிலைப் பற்றி அண்ணன் சொல்வது நியாயம். நிழல் இல்லாத நடைபாதை எவ்வளவு அகலமாக இருந்தும் பிரயோஜனமில்லை. மரத்துக்கு இடமில்லாத சந்தில் கடைகளின் முன்கூரையாவது விடாமல் தொடர்ந்து வரவேண்டும். ஆனால் முழுசாகத் தடுப்பது ஒன்றுதான் வழியா? சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்கள், வண்டிகளும் ஓடுகின்றன.

இன்னொன்று. அழகுபடுத்துகிறோம் என்று பூக்காரம்மாவையும் பழவண்டியையும் கிளப்பிவிடாதீர்கள். கடை ஷட்டர் இறங்கிய பிறகு அவர்கள் விளக்கு எரிவதால்தான் நான் தைரியமாக அந்தப் பக்கம் வருகிறேன். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் வரைபடம் போடக் கூடாது.

குகை நடையன்:
சரி, பூக்காரம்மா இருக்கட்டும், நிழலும் வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் ஊரே நடக்கிறது. அந்த வாரம் சோதனை செய்வோமா?

ஜவுளிக்கடைக்காரர்:
ஆடித் தள்ளுபடி நேரத்திலா? வேண்டவே வேண்டாம். புரட்டாசியில் முகூர்த்தம் கிடையாது, அப்போது வையுங்கள். வேன் எங்கே நிற்கும் என்று முதலில் இடம் காட்டுங்கள். தீபாவளிக்கு முன் தடுப்பை எடுத்துவிட வேண்டும்.

அஸ்தம்பட்டி அக்கா:
தீபாவளிக் கூட்டத்தில்தானே அண்ணா நடக்க இடம் வேண்டும்!