சாம் டார்சி: கையா, உயரமா?

மேற்கு வாசல்:
வெள்ளிக்கிழமை ராத்திரி மெல்போர்ன் எம்சிஜி மைதானத்தில் ஹாத்தார்னிடம் 37 புள்ளியில் தோற்றதோடு, ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் (ஏஎஃப்எல்) நம் வெஸ்டர்ன் புல்டாக்ஸின் 2024 சீசன் முடிந்தது. அதற்கு அழ இந்த இழையைத் தொடங்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் ஒருத்தர் போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்: "208 சென்டிமீட்டர் இருந்தால் என் பாட்டியும் மார்க் பிடிப்பாள்." உதைத்த பந்தைக் காற்றிலேயே பிடிக்கும் மார்க்கைப் பற்றித்தான் பேச்சு, நம் முன்வரிசை ஆட்டக்காரர் சாம் டார்சியைத்தான் சொல்கிறார். ஃபுட்ஸ்க்ரேயில் இறங்கி வீட்டுக்கு நடந்த பிறகும் அது காதிலேயே நிற்கிறது.

என் கட்சி இது: ஆரன் நாட்டனுக்கு அப்புறம் 21 வயதில் இந்த அளவுக்கு மார்க் பிடிக்கத் தெரிந்த பையன் நம் கிளப்புக்கு வரவில்லை. உயரம் ஒரு உதவி, அவ்வளவுதான். மறுப்பவர்கள் வரலாம்.

பழைய பல்லவி:
வந்துவிட்டேன். அந்த ரயில்காரர் நான் இல்லை, ஆனால் பக்கத்தில் இருந்திருந்தால் கை குலுக்கியிருப்பேன்.

உயரம் ஒரு உதவி அவ்வளவுதான் என்பது, யானைக்குத் தும்பிக்கை ஒரு உதவி என்பது மாதிரி இருக்கிறது. எதிரில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் பெரும்பாலும் 195 பக்கம் இருப்பார். கையைத் தூக்கினால் பையனுக்கு ஒரு முழம் கூடுதல். அதில் எங்கே திறமை?

நான் பார்த்த குறையைச் சொல்கிறேன். பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே எதிராளி இடுப்பை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பையன் இரண்டு அடி முன்னால் போய்விடுகிறார். பந்து தலைக்கு மேலே போகிறது. எட்டும் உயரம் இருந்தும் எட்டுகிற இடத்தில் இல்லை. உடம்பில் கனம் ஏறாமல் முன்வரிசையில் நிறுத்தி, அதற்குள் அடுத்த பெரிய ஆள் என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

புதுசு:
ஒரு சந்தேகம், திட்டாதீர்கள். நான் இந்த வருஷம்தான் பார்க்க ஆரம்பித்தேன். மார்க் தெரியும்: குறைந்தது 15 மீட்டர் உதைத்த பந்தை நடுவில் யார் கையும் படாமல் பிடித்தால், யாரும் தொடாமல் நின்று உதைக்கலாம். கன்டெஸ்டட் மார்க் என்று தனியாக ஏன் கணக்கு வைக்கிறார்கள்?

ரப்பர் கை:
சும்மா நிற்கும்போது வந்து விழுந்த பந்தைப் பிடிப்பது ஒன்று. முதுகில் ஒருத்தன் முழங்கை, பக்கவாட்டில் இன்னொருத்தன் முஷ்டி, இதற்கு நடுவே பிடிப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கன்டெஸ்டட். பிடிக்க முடியாத எதிராளி பந்தைக் குத்தித் தள்ளுவான், அது ஸ்பாயில். பந்தை விட்டுவிட்டுக் கையை வெட்டினால் ஃப்ரீ கிக்.

இப்போது பல்லவி அண்ணனுக்கு. எங்கள் பேட்டையில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். போன ஜூனில் ஒரு காலை, தரையெல்லாம் பனி, புதுப் பந்து சோப்பு மாதிரி வழுக்குகிறது. அணியிலேயே உயரமான பையன் வரிசையாக ஒன்பது பந்தை விட்டான். அவன் தோளுக்கு இருக்கும் ஒரு பெண் பிள்ளை பாதிக்கு மேல் பிடித்தாள். இரண்டு பேருக்கும் கை ஒரே மாதிரிதான் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: விரல் விரித்து, இரண்டு கட்டைவிரலும் பந்துக்குப் பின்னால். வித்தியாசம் காலில் இருந்தது. பந்து உதைபட்ட கணமே அவள் இரண்டு சின்ன அடி வைத்துவிடுவாள். அவன் பந்து மேலே ஏறி, இறங்க ஆரம்பித்த பிறகுதான் நகருவான். கடைசி நொடியில் ஓடி வந்து பிடிக்கும்போது தலை ஆடும், தலை ஆடினால் கண் ஆடும், அப்புறம் கைக்கு என்ன தெரியும்?

சாமைப் பார்க்கும்போது நான் கையைப் பார்ப்பதில்லை. உதைப்பவன் தலை நிமிர்ந்த உடனே அந்த நீளக் கால் என்ன செய்கிறது என்று பார்க்கிறேன். 208 சென்டிமீட்டர் ஆள் அவ்வளவு சின்ன அடி வைப்பது சாதாரணம் இல்லை. உயரமானவர்களுக்கு அதுதான் கடைசியில் வரும், பாதிப் பேருக்கு வரவே வராது.

பாலரட் காற்று:
நல்ல பாடம். ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று: கூரை.

நம் சொந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை மெல்போர்னில் கூரை போட்ட டாக்லேண்ட்ஸ் மைதானத்தில். கூரையை மூடிவிட்டால் காற்று இல்லை, மழை இல்லை, பனி இல்லை. பந்து கணக்குப் போட்ட மாதிரி வந்து இறங்குகிறது. அங்கே உயரமானவன் ராஜா. நான் பாலரட்டில் இருக்கிறேன், வருஷத்துக்கு ஓரிரு ஆட்டம் இங்கே கொண்டுவருகிறார்கள். இங்கே காற்று ஒரு பக்கம் இழுக்கும், பந்து கடைசி ஐந்து மீட்டரில் மனசு மாறும். அங்கே பிடிக்கிறவனைக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

மேற்கு வாசல்:
கூரைக்குக் கீழே எதிரணியும்தானே விளையாடுகிறது? அவர்கள் பந்துக்கு மட்டும் காற்றா அடிக்கிறது?

பழைய பல்லவி:
காற்றண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதோடு ஒரு கணக்கு. மொத்த ஆட்டவாழ்வில் அதிக மார்க் எடுத்தவர் செயின்ட் கில்டாவின் நிக் ரிவோல்ட், 2944. அவர் உயரம் 193தான். ஆட்டம் முழுக்க ஓடி ஓடி எடுத்தது. 2004-ல் சிட்னி மைதானத்தில் பந்து போகும் திசையிலேயே ஓடி, எதிரே யார் மோத வருகிறார் என்று பார்க்காமல் பாய்ந்து பிடித்தாரே, அதற்குப் பெயர் மார்க். ஒரு இடத்தில் நின்று கை தூக்குவதை நான் அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

உயரம் மட்டும் போதாது என்பதற்கு காலிங்வுட்டுக்கு ஆடிய மேசன் காக்ஸ் இருக்கிறார். 211 சென்டிமீட்டர். 2018-ல் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டமான பிரிலிமினரி ஃபைனலில் ரிச்மண்டைத் தனியாளாக உடைத்தார், இரண்டாவது குவார்ட்டரில் மட்டும் மூன்று கோல். அன்றைக்கு அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர் யாருமில்லை என்றுதான் எல்லோரும் பேசினோம். அந்த மாதிரி ராத்திரி அவருக்கு அப்புறம் எத்தனை வந்தது?

ரப்பர் கை:
காக்ஸ் உதாரணம் பொருந்தாது அண்ணே. அவர் அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடி, கல்லூரி முடித்த பிறகுதான் இந்தப் பந்தைத் தொட்டார். சாம் பிறந்ததே இந்த ஆட்டத்துக்குள். தாத்தா டேவிட், அப்பா லூக், இரண்டு பேரும் இதே கிளப். லூக் 226 ஆட்டம்.

ரிவோல்ட் சாதனையைச் சொன்னீர்கள், அவருக்கு முன்னால் அது யாரிடம் இருந்தது? நம் கேரி டெம்ப்ஸியிடம். ரக்மேன், அதாவது நடுவர் போடும் பந்துக்கு எதிராளியோடு முட்டி எம்பும் பெரிய ஆள். உயரத்தை வைத்துப் பிழைத்தவர் என்று அவரையும் சொல்வீர்களா? 1969-ல் லாரா காட்டுத்தீயில் உடம்பு வெந்து, பிழைப்பாரா என்றே சந்தேகப்பட்ட ஆள், 1975-ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ மெடல் வாங்கினார். எதிரணி உதைக்கும் முன்பே பின்னால் இறங்கி, பந்து விழப்போகும் இடத்தில் போய் நிற்பார். நின்ற இடத்தில் பிடித்தார் என்றால், அந்த இடத்துக்கு மற்றவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம்.

பழைய பல்லவி:
டெம்ப்ஸி பெயரைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள். அடைபட்டது, ஒத்துக்கொள்கிறேன். என் அப்பா பயன்படுத்திய பழைய ஸ்கார்ஃபில் அவர் பேட்ஜ் இன்னும் குத்தியிருக்கிறது.

ஆனால் குடும்பப் பெயர் வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. கிளப்புகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2021 டிராஃப்டில் இரண்டாவது இடம். ஜிடபிள்யூஎஸ் கிளப் கேட்டது, அப்பா நமக்கு 100 ஆட்டத்துக்கு மேல் ஆடியவர் என்பதால் முன்னுரிமை நமக்கு, ஈடு கொடுத்து எடுத்தோம். சரி. அந்த எண் ஒரு பாரம். டாம் பாய்ட் 2013-ல் முதலிடம். அவரை நாம் வாங்கியபோது பேசாதவர்கள் உண்டா? 2016 கிராண்ட் ஃபைனலில் மூன்று கோல், 1954-க்கு அப்புறம் வந்த கோப்பையில் அவர் கை இருக்கிறது. 23 வயதில் ஓய்வு பெற்றார். உடம்பும் மனசும் போதும் என்றது. அதை அவரே வெளிப்படையாகப் பேசினார். அதனால்தான் அடக்கி வாசியுங்கள் என்கிறேன், பையன்மேல் எனக்கு என்ன விரோதம்?

மேற்கு வாசல்:
அண்ணே, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் சண்டையே இல்லை.

பழைய பல்லவி:
சண்டை இல்லாவிட்டால் இங்கே எதற்கு வருகிறேன்.

பாலரட் காற்று:
எல்லோரும் கையையும் காலையும் பேசுகிறீர்கள். யார் உதைக்கிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நடுக்களத்தில் நெருக்கடியில் மாட்டிக்கொண்டவன் கண்ணை மூடிக்கொண்டு மேலே தூக்கி அடிக்கிறான். பந்து மூன்று மாடி உயரம் போய் இறங்குவதற்குள் தடுப்பாட்டக்காரர்கள் மூன்று பேர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் 208 என்ன, 308 இருந்தாலும் ஒரு முஷ்டி போதும். அதே பந்தைத் தாழ்வாக, வேகமாக, அவர் ஓடும் திசைக்கு முன்னால் போட்டால் யாராலும் தொட முடியாது. நாம் முதல் வகையைத்தான் அதிகம் கொடுக்கிறோம். "மேலே போடு, சாம் பார்த்துக்கொள்வான்." இது பையனைச் சோம்பேறியாக்கும். மற்றவர்களையும்தான்.

ரப்பர் கை:
இது ஒன்றுதான் இந்த இழையில் எனக்கு முழுக்க உடன்பாடான பதிவு. நம் முன்வரிசையில் நாட்டன், உகிள்-ஹேகன், டார்சி மூன்று பேரும் ஒரே பந்துக்குக் கீழே போய் நிற்பதைப் பார்க்கும்போது கல்யாணப் பந்தியில் ஒரே இலைக்கு மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. ஒருத்தர் பின்னால் இருந்து வரவேண்டும், ஒருத்தர் உதைப்பவனை நோக்கி முன்னால் ஓடி லீட் போகவேண்டும், ஒருத்தர் அந்தப் பக்கமே வரக்கூடாது. அது நம் பயிற்சியாளர் பெவரிட்ஜ் தீர்க்க வேண்டிய கணக்கு. ரோரி லாபை இந்த வருஷம் பின்வரிசைக்கு அனுப்பியதே பாதித் தீர்வு. 207 சென்டிமீட்டர் ஆள் அங்கே போய் எதிரணிப் பந்தைப் பறித்து ஆடுவார் என்று யார் நினைத்தது!

புதுசு:
அப்படியானால் சாமையும் பின்னால் போட்டுப் பார்க்கலாமே?

ரப்பர் கை:
போட்டார்கள் தம்பி. 2022 கடைசியில் முதன்முதலாக இறக்கியபோது தடுப்பில்தான் நின்றார். நாட்டனும் அப்படித்தான், 2018-ல் பெரும்பாலும் பின்வரிசை, 2019-ல் முன்னால் வந்து வெடித்தார். பின்னால் ஆடினால் ஒரு நன்மை: பந்து உங்களை நோக்கி நேராக வரும், அதை வைத்து அது எங்கே விழும் என்று படிக்கப் பழகலாம். முன்னால் நிற்பவனுக்கு அந்தப் படிப்பு தாமதமாகத்தான் வரும்.

மேற்கு வாசல்:
ரக் வேலை? நம் ரக்மேன் டிம் இங்கிலிஷ் இளைப்பாறும்போது சாமைத்தான் நடுவில் அனுப்புகிறார்கள்.

பழைய பல்லவி:
அதை நிறுத்த வேண்டும். ரக்கில் எதிராளி முழங்காலைத் தூக்கிக்கொண்டு பாய்வான். மெலிந்த உடம்பு, ஒவ்வொரு ஞாயிறும் நான்கு குத்து வாங்கினால் மார்க் பிடிக்க என்ன மிஞ்சும்?

ரப்பர் கை:
நேர்மாறாகப் பார்க்கிறேன். முதல் பதிவில் நீங்கள் சொன்ன குறை என்ன? இடுப்பு வைத்துத் தள்ளினால் நகர்ந்துவிடுகிறார் என்பது. அதற்குப் பள்ளிக்கூடம் ரக்தானே? எல்லைக்கோட்டிலிருந்து நடுவர் பந்தை உள்ளே எறியும் ஒவ்வொரு த்ரோ-இன்னிலும் ஒருத்தன் உங்களைத் தள்ளுகிறான், நீங்கள் தாங்கி நின்று பந்துக்குப் போக வேண்டும். எடைக்கூடத்தில் இரும்பு தூக்கினால் பலம் வரும், ஆனால் இரும்பு திருப்பித் தள்ளாது. ஆட்டத்தில் பத்துப் பதினைந்து சதவீத நேரம் ரக், மீதி முன்வரிசை. அதற்கு மேல் கொடுத்தால் உங்களோடு சேர்ந்து நானும் கத்துவேன்.

பழைய பல்லவி:
இரும்பு திருப்பித் தள்ளாது. நல்லா சொன்னீர்கள். பத்து சதவீதம் வரை பொறுத்துக்கொள்கிறேன், பதினைந்து கிடையாது.

பாலரட் காற்று:
காய்கறிக்கடை பேரமா இது?

மேற்கு வாசல்:
சரி, பாட்டி விஷயத்துக்கு வருவோம். பல்லவி அண்ணே, இப்போதும் பாட்டி பிடிப்பாள் என்கிறீர்களா?

பழைய பல்லவி:
பாட்டியை வாபஸ் வாங்குகிறேன். கால் விஷயம் நான் கவனிக்காதது. நேற்று ராத்திரி இரண்டு பழைய ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தேன், கையை மறைத்துவிட்டுக் காலை மட்டும். அடி வைக்கிறார். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இடுப்பு விஷயத்தில் ஒரு அங்குலமும் இறங்க மாட்டேன். நாலாவது குவார்ட்டரில் களைத்த பிறகு அந்தச் சின்ன அடிகள் காணாமல் போகின்றன, அப்போது வெறும் உயரம்தான் மிஞ்சுகிறது. ரப்பர் கை, அதையும் போட்டுப் பாருங்கள்.

ரப்பர் கை:
பார்த்தேன். கடைசிப் பத்து நிமிஷம் நீங்கள் சொல்வது சரி.

பாலரட் காற்று:
அடுத்த வருஷம் இங்கே ஆட்டம் வரும்போது மூன்று பேரும் வாருங்கள். காற்று வீசும் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் நிற்போம். கடைசிக் குவார்ட்டரில் கூட்டத்துக்குள் ஒரு மார்க் எடுத்தால் நான் எல்லோருக்கும் மீட் பை வாங்கித் தருகிறேன். எடுக்காவிட்டால் மேற்கு வாசல் வாங்க வேண்டும்.

மேற்கு வாசல்:
சம்மதம். சாஸ் அவரவர் காசில்.

புதுசு:
நான் சைவம், எனக்கு சிப்ஸ் போதும்.