அப்பா ஏன் எழுந்து போனார்? (எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல், முடிவு தெரிய வேண்டாதவர்கள் படிக்காதீர்கள்)

யூனிட் 7:
போன சனிக்கிழமை ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து 1997இல் வந்த ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’ பார்த்தேன். அப்பாவுக்கு 78 வயது. இங்கே டர்பனில் கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் படம் போட்டால் பாதியில் தூங்கிவிடுகிற ஆள், இதைக் கண் கொட்டாமல் பார்த்தார். ஆரம்பத்தில் பட் வைட் என்கிற முரட்டுப் போலீஸ்காரன் ஒரு வீட்டுக் கூரையிலிருந்த கிறிஸ்துமஸ் அலங்காரத்தை இழுத்துத் தள்ளி, பெண்டாட்டியை அடிக்கிறவனை வெளியே வரவைத்து நாலு சாத்துகிறானே, அங்கே “போடு!” என்று சத்தமே போட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கடைசியில் கெட்டுப்போன போலீஸ் கேப்டன் டட்லி ஸ்மித்தை, சட்டப்படியே நடக்கிற இளம் போலீஸ் அதிகாரி எக்ஸ்லி முதுகில் சுடுகிறான். அப்புறம் கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். கெட்டில் சத்தம் கேட்டது. படம் முடிகிற வரை வரவில்லை. கேட்டால், “அவ்வளவு யோக்கியன், கடைசியில இப்படிப் பண்ணிட்டானே” என்றார், அவ்வளவுதான்.

என் கட்சி இது: சுடாமல் விட்டிருந்தால் அந்தக் கேப்டன் ஏதாவது கதை சொல்லித் தப்பித்திருப்பான். நீங்கள் யார் பக்கம்?

மட்டன் பன்னி (ரொட்டிக்குள் கறி, பன்றி இல்லை):
உங்கள் பக்கம்தான். படம் தொடங்கியதுமே டட்லி எக்ஸ்லியிடம் கேட்பான்: குற்றவாளி என்று தெரிந்தவன் மாட்டிக்கொள்ள ஆதாரத்தை நீயே கொண்டுபோய் வைப்பாயா? அடித்து வாக்குமூலம் வாங்குவாயா? வக்கீல் வைத்து வெளியே வந்துவிடுவான் என்றால் முதுகில் சுடுவாயா? மூன்றுக்கும் மாட்டேன் என்கிறான் எக்ஸ்லி. அந்த மூன்றாவது கேள்விக்கு இரண்டு மணி நேரம் கழித்து, கேட்டவன் முதுகிலேயே பதில் எழுதுகிறான். டைட்டானிக் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன வருஷத்திலும் திரைக்கதை ஆஸ்கர் இவர்களுக்குக் கிடைத்தது சும்மா இல்லை.

பீனிக்ஸ் அக்கா:
தம்பி, அந்த முதல் கேள்வியைக் கொஞ்சம் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறவனை வைட் சுடுகிறான். அப்புறம் வேறு துப்பாக்கியால் சுட்டு, அதை அவன் கையில் வைக்கிறான். பக்கத்து அறையில் ஒரு பெண்ணைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் நமக்கு அது தப்பாகவே தெரியவில்லை. இதே வேலையைத்தான் டட்லியின் ஆட்களும் செய்கிறார்கள்: நைட் அவுல் காபிக்கடைக் கொலைக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று கறுப்பின இளைஞர்களின் காரில் துப்பாக்கிகளை வைக்கிறார்கள். தப்பியோடிய அவர்களை எக்ஸ்லி சுட்டுக் கொன்று மெடல் வாங்குகிறான். வைட் வைத்தால் நியாயம், டட்லி வைத்தால் அநியாயமா?

பெரிய போலீஸ் எப்போதும் தப்பித்துவிடும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் தென்னாப்பிரிக்காவின் தலைமை போலீஸ் கமிஷனராக இருந்த ஜாக்கி செலெபி, இன்டர்போல் தலைவராகவே இருந்தவர். 2010இல் ஊழல் வழக்கில் 15 வருஷம் ஜெயில் தண்டனை போட்டார்களே. (2012இல் உடம்பு சரியில்லை என்று வெளியே விட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.)

பழைய அவலான்:
யூனிட் 7 தம்பி, உங்கள் அப்பா சரியாக எந்த இடத்தில் எழுந்தார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சுட்டபோதா? சுட்ட பிறகு, எக்ஸ்லி உட்கார்ந்திருக்கிற விசாரணை அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலிடத்துப் பெரிய மனிதர்கள் நின்றுகொண்டு, டட்லியைக் கடமையில் உயிர்விட்ட வீரன் என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறார்களே, அப்போதா? எக்ஸ்லி அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்து, ஒரு வீரன் போதாது என்று தனக்கும் பங்கு கேட்பான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு 1971 நினைவுக்கு வந்தது. போலீஸ் பிடித்து வைத்திருந்த அகமது திமோல் என்ற பள்ளி ஆசிரியர், ஜோஹானஸ்பர்க்கில் ஜான் வோர்ஸ்டர் சதுக்கப் போலீஸ் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்தார். அவரே குதித்தார் என்றது போலீஸ். 1972 விசாரணையும் தற்கொலை என்றே எழுதிக்கொடுத்தது. 2017இல்தான் இன்னொரு நீதிபதி அதை மாற்றிக் கொலை என்றார். அவருடைய அம்மா அதைக் கேட்க இல்லை. 45 வருஷம் ஒரு காகிதம் அப்படியே இருந்தது.

அப்பாவுக்கு அடுத்து ‘விசாரணை’ போடுங்கள். வெற்றிமாறன் படம். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், தான் அடைபட்ட அனுபவத்தை எழுதிய ‘லாக்கப்’பிலிருந்து எடுத்தது. குண்டூரில் தெலுங்கு தெரியாத தமிழ்த் தொழிலாளிகளைப் பிடித்து அடித்து, செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ள வைப்பார்கள். கோர்ட்டில் தமிழ் தெரிந்த ஒரு இன்ஸ்பெக்டர் வந்து மொழிபெயர்த்த பிறகுதான் அவர்கள் சொல்வது நீதிபதிக்குப் புரியும்.

யூனிட் 7:
பெரியவரே, இன்று காலை கேட்டுவிட்டேன். நீங்கள் சொன்னதுதான். “சுட்டா சுட்டுட்டுப் போறான். பேப்பர்ல மாத்தி எழுதறதுக்குச் சிரிச்சான் பாரு, அங்கதான் எழுந்தேன்” என்றார். அப்புறம், இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த புதிது, எழுபதுகளில். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒரு தாத்தா மேல் திருட்டு வழக்கு. தமிழும் கொஞ்சம் ஜூலுவும் தவிர அவருக்கு வேறு பாஷை வராது. வாக்குமூலம் ஒரு பக்கம் முழுக்க ஆப்பிரிக்கான்ஸில். கீழே கட்டைவிரல் ரேகை. அதை அப்பா வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். “யாரும் என்னை வற்புறுத்தவில்லை, என் சொந்த விருப்பத்தில் சொல்கிறேன்” என்று தொடங்கியிருக்கிறார். தாத்தா கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கவனமாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இது யாரு சொன்னது?” என்றாராம்.

அந்தக் கேள்வியை அப்பா இங்கிலீஷில் நீதிபதிக்குச் சொன்னாரா என்று கேட்டேன். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

‘விசாரணை’ கிடைத்துவிட்டது. அடி அதிகம் என்கிறார்கள், அப்பாவுக்கு பிரஷர் வேறு. அந்தக் கோர்ட் காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று யாராவது சொல்லுங்கள், அங்கிருந்து மட்டும் போட்டுக்காட்டுகிறேன்.